போர்டு மாறிய கடை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கும் வேங்கிக்காலுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற புகழேந்தியிடம் ஒரு கடைப் பேரைச் சொன்னால் போதும். “வேப்பமரம் தாண்டி, பச்ச ஷட்டரு, பக்கத்துல ஜூஸ் கடை இருக்கும் பாரு” என்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வான். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் எந்தப் பிரிவு எந்த மாடியில் என்று அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குவார்கள். இத்தனைக்கும் அவன் ஒரு போர்டையும் படித்ததில்லை. படிக்க வராது.

இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் பேப்பரை எடுப்பான், படத்தைப் பார்ப்பான், “இன்னா அநியாயம் பாரு” என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு மடித்து வைப்பான். பேப்பரில் அநியாயம் இல்லாத நாள் கிடையாது. அதனால் மாட்டிக்கொண்டதும் இல்லை. யாராவது கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், “கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன், தேதிய நீயே சொல்லிடுபா” என்பான். கண்ணாடி என்று ஒன்று அவனிடம் இருந்ததே இல்லை. கையெழுத்து மட்டும் ஜோராகப் போடுவான். அது எழுத்து இல்லை, படம். எங்கே தொடங்கி எங்கே வளைத்து எங்கே முடிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவன்தான். அதுதான் இதில் கசப்பு.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் அவனைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவான். அந்த வருஷம் முழுப்பரீட்சை முடிந்த கையோடு அவன் அப்பா அப்பாசாமி குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு, தென்பெண்ணை ஆற்றோரம் ஒரு சூளைக்குச் செங்கல் அறுக்கப் போனார். மண் குழைப்பது அப்பா, அச்சில் அடிப்பது அம்மா, வெயிலில் பரப்பிய பச்சைக் கல்லைப் புரட்டிப் புரட்டி வைப்பது அவன். அங்கே எழுத்து என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அச்சின் அடியில் முதலாளி பேரின் முதல் எழுத்தான ‘ரா’வை இடம் வலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கியிருந்தார்கள், கல்லில் விழும்போது அது நேராகிவிடும். விடிந்ததிலிருந்து வெயில் சாயும் வரைக்கும் அவன் கண்ணில் பட்டதெல்லாம் ரா, ரா, ரா.

மழை பிடித்துச் சூளை நின்ற பிறகு ஊர் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் எப்போதோ திறந்திருந்தது. வாத்தியார் நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, வாசி என்றார். பிரித்தான். எழுத்தெல்லாம் இருந்தது, ஒன்றும் ஓடிப்போகவில்லை. ஆனால் தேர்க் கூட்டத்தில் தெரிந்தவர் என்று நினைத்துத் தோளைத் தொட்டால் வேறு ஒரு முகம் திரும்பிப் பார்க்குமே, அப்படிப் பார்த்தது ஒவ்வொன்றும். புள்ளிகள் ஈ உட்கார்ந்த அழுக்குப்போலத் தெரிந்தன. ஒரே ஒரு எழுத்து மட்டும் வரிக்கு வரி எழுந்து நின்று அவனைத் தெரிந்ததுபோல் இளித்தது. ரா.

“இன்னாடா, சூளையில சேத்து வெந்துட்டியா?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது.

அவர் கெட்டவர் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னார், அடுத்தவனை எழுப்பினார். யாராவது ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் திரும்பி வந்திருக்கும். கோடை எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். மீதியை வெட்கம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கே அவன் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தான். முன்னால் வாசிக்கிறவனைக் காதால் பிடித்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்வது. சொல்லும்போது வாத்தியார் முகத்தைப் பார்ப்பது. புருவம் நெளிந்தால் சொல்லை மாற்றுவது. அந்த வித்தையில் ஐந்தாவது வரை ஓடியது. ஆறாவதில் முகங்கள் அதிகமாகிவிட்டன. நின்றுவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ‘ரா’ விடவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து ஆட்டோ ஓட்டத் தொடங்கி, கல்யாணமாகி, பெண் பிறந்து, எல்லாம் ஆன பிறகும், எந்தப் பழைய சுவரில் பூச்சு உதிர்ந்தாலும் உள்ளேயிருந்து அது எட்டிப் பார்க்கும். லாட்ஜ் காம்பவுண்டில், குளத்தங்கரையில், கோயிலுக்குப் போகிற சந்தில். சவாரிக்காக நிற்கும்போது முதுகில் யாரோ பார்ப்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஒரு சுவர் நிற்கும். அதில் ஒரு கல்லையாவது அவன் கை புரட்டியிருக்கும்.

மகள் கவிநிலா மூன்றாம் வகுப்பை முடித்த அன்று, பள்ளி வாசலில் ஜெயந்திமாலா டீச்சர் அவனை நிறுத்தினார்.

“கவிநிலா அப்பா, ஒரு நிமிஷம். இவ நல்லாப் படிக்கிறா. ஆனா இப்பதான் எழுத்த சேத்துப் படிக்க ஆரம்பிச்சிருக்கா, இன்னும் ஈரம் காயல. லீவுல புத்தகத்தத் தொடலன்னா ஜூன்ல மறுபடி மொதல்லேர்ந்து வரணும். வருஷா வருஷம் பாக்கறேன், நல்லாப் படிச்ச புள்ளைங்க திரும்பி வந்து திருதிருன்னு முழிக்கும்.”

“இன்னா பண்ணணும் டீச்சர்?”

“பெருசா ஒண்ணும் வேணாம். தினம் கொஞ்சம் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருங்க. தப்பாப் படிச்சா நிறுத்தி, திரும்பப் பாக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்.”

“சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டான். தப்பாப் படிச்சா நிறுத்துங்க. வீடு வரைக்கும் அந்த ஒரு பேச்சு பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது.

மனைவி அன்புச்செல்வி பத்தாவது படித்தவள். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. இருட்டு பிரியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், விளக்கு வைத்த பிறகு இறக்கிவிடும். சோற்றைத் தின்றுகொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஞாயிறு ஒரு நாள்தான் அவள் முழுசாக வீட்டில் இருப்பாள்.

“லீவு பூரா எங்கூட ஆட்டோவுல வரட்டும்” என்றான் புகழேந்தி. “படிப்ப நான் பாத்துக்கறேன்.”

அன்புச்செல்வி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல் இருந்தது. பிறகு, “வெயில்ல கறுத்துடுவா, தொப்பி போட்டு வுடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவனுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் அவனால் முடியாது. ரோடு முழுக்கப் போர்டுதானே? எந்தப் போர்டில் என்ன பேர் என்று அவனுக்கு மனப்பாடம். இவள் படிக்கட்டும், தப்பாகச் சொன்னால் அவன் நிறுத்தலாம். டீச்சர் சொன்னதும் அதுதானே. இதை நினைத்தபோது ஆட்டோவிலேயே விசிலடித்தான்.

மறுநாள் முதல் கவிநிலா அவன் சீட்டின் ஓரத்தில், தொப்பியைப் பின்னால் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “படி பாப்பா” என்பான். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டுவாள். “ஜெ... ய... ஜெயம்... பா... பாத்...” அதற்குள் கடை தாண்டிவிடும். பின்னால் சவாரி காத்திருக்கும். “ஜெயம் பாத்திர மாளிகை” என்று அவனே முடித்துக் கொடுப்பான். அவள் தலையாட்டுவாள். அடுத்தது வந்துவிடும்.

பூ விற்கிற வேதா தினமும் கூடையோடு ஏறுகிறவள். “இன்னா புகழு, ஆட்டோவுலயே பள்ளிக்கூடம் தொறந்துட்ட? எனக்கும் ஒரு எடம் குடேன், நானும் பாஸாயிடறேன்.”

“ஒனக்கு வாய் போதும்கா, படிப்பு ஜாஸ்தி.”

“பாரு பாப்பா, ஒங்கப்பன் வாத்தியாரானதும் திமிரு வந்துடுச்சி.”

சித்திரை வெயில் ஏற ஏற கவிநிலாவின் வேகமும் ஏறியது. முதலில் கூட்டிப் படித்தாள், பிறகு சேர்த்துப் படித்தாள், பிறகு போர்டு வருமுன்பே படித்தாள். பெரிய தெரு முதல் கலெக்டர் ஆபீஸ் வரை மழை கொட்டுவதுபோல் ஒப்பித்தாள். சவாரிக்காரர்கள் மெச்சினார்கள். கண்ணாயிரம் என்று ஒரு பெரியவர், தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், “பாப்பா கலெக்டராயிடும்யா, எழுதி வச்சிக்கோ” என்றார். எழுதி வைத்துக்கொள்ள வழியில்லாத புகழேந்தி சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தான்.

சித்ரா பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை மாற்றி மாற்றி விட்டார்கள். அந்தச் சில நாள் மகளை வீட்டிலேயே விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றி ஓட்டினான். கூட்டம் கலைந்து பழைய வழி திறந்த அன்று கவிநிலா மறுபடி வந்து உட்கார்ந்தாள். பின்னால் வேதா, கண்ணாயிரம், இன்னும் இரண்டு பேர்.

வேப்பமரம் தாண்டியதும் அவன் பார்த்தான். வாசலில் தொங்குகிற பித்தளைக் குடங்களைக் காணோம். சிவப்புப் போர்டு இருந்த இடத்தில் நீலப் போர்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் செல்போன்கள் மின்னிக்கொண்டிருந்தன. கடை கைமாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து முடிக்குமுன் பக்கத்தில் மகளின் குரல் கணீரென்று வந்தது.

“ஜெயம் பாத்திர மாளிகை!”

பிரேக்கை மிதித்தான். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். “யோவ், பூவு!” என்று வேதா கத்தினாள்.

“இன்னொரு வாட்டி படி பாப்பா.”

கவிநிலா திரும்பினாள். போர்டின் பக்கம் இல்லை, அவன் பக்கம். “ஜெயம்... பாத்திர...” என்று இழுத்தாள். கண் அவன் முகத்தில் மேய்ந்தது. அங்கிருந்து வேதாவுக்குப் போனது, கண்ணாயிரத்துக்குப் போனது, மறுபடி அவனிடம் வந்தது.

“அது ‘நிர்மல் செல்போன் சர்வீஸ்’ பாப்பா” என்றார் கண்ணாயிரம் மெதுவாக. “போர்ட பாத்துப் படிக்கணும்.”

கவிநிலா தொப்பியை முன்னால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்; குழந்தைதானே என்ற சிரிப்பு. புகழேந்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். விடையை முகம் முகமாகத் தேடுகிற பார்வை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வகுப்பறையில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்தது, தொப்பி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

இதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு போர்டையும் அவள் பாதியில் திணறும்போது அவன்தான் முடித்துக் கொடுத்தான். அவள் போர்டைப் படிக்கவே இல்லை. மரத்தைப் படித்தாள், ஷட்டரைப் படித்தாள், அவனைப் படித்தாள். தன்னிடம் இருந்த ஒரே படிப்பை அவன் சுத்தமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது. அன்புச்செல்வி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்து மனையில் ஒரு பழைய வீட்டை இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சுத்தியல் விழ விழ ஜன்னல் வழியாகச் செம்மண் தூசி வந்தது. புகழேந்தி வாசல்படியில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

“அன்பு, பாப்பாவுக்குப் படிப்பு கைவுட்டுப் போயிக்கினு இருக்கு.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே தெரியுது.”

கத்தி நின்றது. “உங்களுக்கா?”

அந்த ஒரு சொல்லில் அவர்களுடைய கல்யாண வாழ்க்கை மொத்தமும் இருந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை.

“தெரியுமா ஒனக்கு?”

“நம்ம கல்யாணப் பத்திரிகையில எம்பேர இன்னான்னு அடிச்சிருந்தாங்க? அன்புச்செல்வன். ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் கல்யாணம்னு எங்க மாமா இன்னிக்கும் கேலி பண்றாரு. அத ஊரு பூரா நீங்கதான் குடுத்துக்கினு வந்தீங்க, மஞ்ச தடவி. ஒரு வார்த்த சொல்லல. அப்பவே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா இன்னா பண்ணியிருப்பீங்க? சோறு துன்னாம ஆட்டோவ எடுத்துக்கினு போயிருப்பீங்க.” மறுபடி அரிய ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம்தான். “லீவு வுட்டன்னிக்கி நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே, அன்னிக்காச்சும் கேட்டிருக்கணும். அசதியில வுட்டுட்டேன்.”

மகளைக் கூப்பிட்டாள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு வந்தாள் கவிநிலா. முதல் பாடத்தைப் பிரித்துவைத்ததும் தடதடவென்று சொன்னாள், கண் கூரையில் இருந்தது. அன்புச்செல்வி நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி, படத்தின்மேல் கையை வைத்து மறைத்தாள். “இத படி.”

“கெ... கெடி... கெடி பற...” அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பா முகத்தை.

“கெடியா? கொம்ப மட்டும் பாத்தா ஆச்சா, கால யாரு பாக்கறது? கொம்பும் காலும் இருந்தா இன்னா?”

“கொ... கொடி.”

“கொடி. போ, வெளாடு.”

மகள் போன பிறகு அன்புச்செல்வி குழம்பில் உப்புப் பார்த்தாள். “போயிடல. மங்கிக்கினு இருக்கு. இப்ப புடிச்சா வந்துடும்.”

“கண்ணாயிரம் சாருகிட்ட டியூசன் வுடலாமா?”

“வுடலாம். அவரு மூஞ்சியப் பாத்துப் படிப்பா.”

அவன் படியில் படிந்த செம்மண் தூசியை விரலால் வழித்தான்.

“நான் சொல்றத கேளுங்க. உங்க மூஞ்சியில பதில் இருக்குதுன்னு அது நெனக்கிது. இல்லன்னு தெரிஞ்சாத்தான் எழுத்தப் பாக்கும்.”

“பெத்த பொண்ணுகிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொல்றியா?”

“இல்ல. தெரியும்னு சொல்றத நிறுத்தச் சொல்றேன்.”

சொல்வது அவளுக்குச் சுலபம். புகழேந்தி அந்த வாரம் முழுக்க வாயைத் திறந்தான், மூடினான். உலகத்தில் ஒரே ஒரு ஆள் அவனை எல்லாம் தெரிந்தவன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவளிடம்போய் எப்படிச் சொல்வது? கவிநிலாவும் போர்டு படிப்பதை நிறுத்திவிட்டாள். அவனும் படி என்று சொல்லவில்லை. “பள்ளிக்கூடம் லீவா?” என்று வேதா கேட்டாள். புகழேந்தி ஹாரன் அடித்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிற ஊருக்குள், எதையும் பார்க்காமல் போய்வந்தார்கள். ஓரக்கண்ணால் அவன் பார்க்கும்போதெல்லாம் அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பழைய போர்டுகளாக இருக்கும். கடைகளில் புதுப் புத்தகப் பைகள் தொங்க ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்தால் அந்த இடிபாடு. ஒவ்வொரு நாளும் ஒரு சுவர் குறைந்தது, குவியல் உயர்ந்தது. எல்லாம் ‘ரா’ போட்ட கல். அந்த வீடே அந்தச் சூளையில் பிறந்தது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிரம்பி, அது மட்டும் கறுப்பாகத் தெரியும். குவியலின் பின்னால் யாரோ குந்தி உட்கார்ந்து கல்லைப் புரட்டிப் புரட்டி வைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் நாய் இருக்கும், இல்லாவிட்டால் அதுவும் இருக்காது. ஒருநாள் எட்டிப் பார்த்தபோது நிஜமாகவே யாரோ இருந்தார்கள். கவிநிலா. இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கி, புரட்டி, வெயில் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுத்தான். வீடு கட்டுகிறாளாம்.

“போடு அத கீழ!”

அவன் கத்திய கத்தலில் பிள்ளை கல்லைக் காலில் போட்டுக்கொள்ளத் தெரிந்தது. அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முதல் சவாரிக்குமுன், ஆட்டோ மேல் செங்கல் தூசி சிவப்பாகப் படிந்திருந்தது. கவிநிலா துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“இரு, தொடைக்காத. இப்படி வா.”

குவியலருகே கூட்டிப்போனான். ஒரு கல்லைக் காலால் தள்ளி நிமிர்த்தினான். “இது இன்னா எழுத்து?”

அவள் கல்லைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “ரா.”

“கல்லப் பாத்துச் சொன்னியா, என் மூஞ்சியப் பாத்தா?”

தலையைக் குனிந்துகொண்டு, “ரெண்டையும்” என்றாள்.

“என் மூஞ்சியில அது ஒண்ணுதான் பாப்பா எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல.” நிறுத்தினால் மறுபடி வராது என்று அவனுக்குத் தெரிந்தது; அதனால் நிறுத்தாமல் சொன்னான். சூளை, லாரி, புரட்டிய கல், நாலாம் வகுப்புப் புத்தகம். “அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்ன மாதிரி நல்லாப் படிச்சிக்கினு இருந்தேன். ஒரு லீவுல போச்சி. அப்பால கேக்க வெக்கம்.”

கவிநிலா நம்பவில்லை. “ஜெயம் பாத்திர மாளிகை?”

“குடம் தொங்கும்ல, அத வச்சி.”

“பேப்பரு?”

“படம்.”

“எங்க ஸ்கூலு பேரு?”

“ஒங்கம்மா சொல்லி.”

அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அழுவாளோ என்று பயந்தான். அவளோ அறிவிப்புபோல, “எனக்கும் கொஞ்சம் தெரியல” என்றாள். “ஒனக்குத் தெரியும்னுதான் ஒன்னப் பாத்தேன்.” பிறகு சந்தேகத்தோடு, “ஒம்பேருகூடவா எழுதத் தெரியாது?”

அதில் அவனுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. “பேரு வரும். கையெழுத்து போடறேன்ல?” ஆட்டோவின் முன்கண்ணாடியில், ஓரமாக, தூசியில் விரலை வைத்து ஒரே இழுப்பில் போட்டான். முப்பது வருஷமாகப் போடுகிற அதே படம். “படி.”

பழக்கத்தில் அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. அவன் சட்டென்று மலைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் அவள் காலடி கண்ணாடியை நெருங்கியது. பிறகு மெல்ல வந்தது. “பு... க... ரெட்டச் சுழி கொம்பு... ழ... ழே. புகழே. ந. தி.” மறுபடி முதலிலிருந்து. “புகழே... நதி.”

“தப்பு” என்றான் திரும்பாமலே. தன் பேர்தானே, இதையாவது அவனால் நிறுத்த முடியும். “புகழேந்தி.”

“இல்லப்பா. புகழேநதி.”

திரும்பினான். நன்றாக முறைத்துப் பார்த்தான். “எம்பேரு எனக்குத் தெரியாதா? புகழேந்தி!”

அவன் முகத்தில் தப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கவிநிலா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கே திரும்பினாள். விரலை எழுத்தின்மேல் வைத்தாள்.

“ஒம்பேரு புகழேந்திதான். ஆனா நீ நதின்னு எழுதியிருக்க. ‘ந’ மேல புள்ளி இல்ல பாரு. நதின்னா ஆறு.” சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா, நீ ஆறா?”

புகழேந்தி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரேஷன் கார்டு, கல்யாணப் பதிவு, லைசென்ஸ், பாங்கு, பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்த்த அன்று. எத்தனை மேஜை, எத்தனை படித்தவர்கள். ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவர்களுக்கு அவன் பேர் முன்பே தெரிந்திருந்தது, பார்க்காமலே படித்துவிட்டார்கள். கோடையில் விழுந்த புள்ளி அங்கேயே சூளை மண்ணில் கிடந்தது. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி முதன்முதலில் படித்தவள் இவள்தான், அதுவும் அவன் முறைப்புக்குப் பயப்படாமல்.

“எங்க வைக்கணும்?”

“தோ, இங்க.” எட்டி, ‘ந’ மேல் விரல் நுனியால் ஒரு தொடு தொட்டாள்.

மீதிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஏறினார்கள். உள்ளேயிருந்து பார்த்தபோது பேர் இடம் வலம் மாறி, அச்சின் அடியில் செதுக்கியதுபோல நின்றது. புள்ளி மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் புள்ளியாகவே இருந்தது.

ரோடு முனையில் வேதா கூடையோடு நின்றிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டு வேப்பமரம் தாண்டி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தும் பாப்பா நீலப் போர்டிலேயே இருந்தது. “நி... ர்... நிர்... ம...”

“இன்னா புகழு, எக்ஸ்பிரஸ்ஸா இருந்த பாப்பா மாட்டுவண்டி ஆயிடுச்சி? எட்த்துக் குடேன்யா.”

“எனக்குத் தெரியாதுக்கா” என்றான் புகழேந்தி. அவள் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். மகள் படித்து முடிக்கட்டும். அவள் சொல்வது சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. வலிந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் காதில் வாங்கினான். வெகு பின்னால், வீட்டுப் பக்கத்து மனையில், இன்னும் இடிபடாத சுவர் ஒன்று பாக்கி இருந்தது. அவன் திரும்பவில்லை. அது பார்ப்பது முதுகில் தெரிந்தது.